தலசீமியா உள்ள 19 வயது மகளுக்கு எலும்பு மெலிவு: ஊசி போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பீட்டா தலசீமியா மேஜர் (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். இரும்புச் சத்தை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறாள். இன்னும் பூப்படையவில்லை. முதுகுவலிக்காக டெக்சா ஸ்கேன் (எலும்பு அடர்த்திப் பரிசோதனை) எடுத்ததில் இசட் ஸ்கோர் (அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட அளவு) -2.8 என்று வந்திருக்கிறது. எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலிட்ரானிக் ஆசிட் ஊசி போடச் சொல்கிறார்கள். இந்த வயதில் போடலாமா, டாக்டர்?

பதில்: போடலாம், அம்மா. ஆனால் இன்னும் பூப்படையவில்லை என்கிறீர்களே, முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். ஏற்றும் ரத்தத்திலிருந்து சேரும் இரும்பு, சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பியில் படிந்தால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு நின்றுவிடும். எலும்பு வலுப்பெறும் வயதில் அந்த ஹார்மோன் இல்லாவிட்டால் எந்த ஊசியும் முழுப் பலன் தராது. எல்.எச்., எஃப்.எஸ்.எச். (பிட்யூட்டரி ஹார்மோன்கள்), எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை), தைராய்டு, சர்க்கரை அளவுகளைப் பார்த்துவிட்டு, நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் காட்டுங்கள். ஈஸ்ட்ரோஜனைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். கல்லீரல் பாதிப்போ ரத்தம் உறையும் அபாயமோ இருந்தால் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பேட்ச் நல்லது.

அடுத்து, ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய ஹீமோகுளோபின் 9.5 கிராமுக்குக் கீழே போகிறதா? போனால் எலும்பு மஜ்ஜை விரிந்துகொண்டே போய் எலும்பை உள்ளிருந்து மெல்லியதாக்கும். ஏற்றும் அளவையோ இடைவெளியையோ மாற்ற வேண்டும். முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் அவசியம். நசுங்கிய முள்ளெலும்பு டெக்சா எண்ணில் தெரியாமல் போகலாம். கால் பலவீனமானாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள். மகள் வயதுக்கேற்ற உயரம் இல்லையென்றால், ஸ்கோர் உண்மை நிலையைவிட மோசமாகக் காட்டும். அதையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைப்பது), கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது) பார்த்தே ஆக வேண்டும். இரும்பு பாராதைராய்டையும் கெடுக்கும். அது தெரியாமல் ஊசி போட்டால் கால்சியம் சட்டென்று இறங்கி, உதடு மரத்து, கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். வைட்டமின் டி 30 நானோகிராமுக்கு மேல் வந்த பிறகுதான் ஊசி. டெஃபெராசிராக்ஸும் இந்த ஊசியும் இரண்டுமே சிறுநீரகத்தைத் தொடுபவை. அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் கிரியாட்டினின் பாருங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிடுங்கள்.

தலசீமியா ஆய்வுகளில் 4 மில்லிகிராம் மருந்தை 3 அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுத்திருக்கிறார்கள். டிரிப்ஸில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். எலும்பு அடர்த்தி கூடுகிறது. எலும்பு முறிவு குறைகிறது என்பதற்குத்தான் போதிய சான்று இல்லை.

முதல் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சகஜம். ஆனால் மண்ணீரல் எடுக்கப்பட்டிருந்தால் 'ஊசிக் காய்ச்சல்தானே' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். பிற்காலத்தில் இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோன் மாத்திரைக்கு மாறினாலும் இதே எச்சரிக்கைதான்: காய்ச்சல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திருமணம், குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் ஜோலிட்ரானிக் ஊசியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்து எலும்பில் பல ஆண்டுகள் தங்கும்; கர்ப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.