எந்த இசைக்கு விருது? மேடை இசை பற்றிய உங்கள் கேள்விகள்

காமன் கதையை வைத்து லாவணி பாடுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்து உட்காருவார்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி. விடிந்தாலும் விடமாட்டார்கள். அமெரிக்காவில் பிராட்வே மேடை நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருது பற்றி நான் எழுதியதற்கு வந்த கடிதங்களில் அதே சூடு இருக்கிறது. முப்பது வருடமாக மேடை ஓரத்தில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம்? எல்லாக் கடிதத்துக்கும் இங்கே இடமில்லை. சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

டோனியில் ‘சிறந்த இசை’ என்கிறார்களே, அது மெட்டுக்கா, வாத்தியத்துக்கா, பாட்டு வரிக்கா?
(ஹட்டன் வாசகி)

மெட்டுக்கும் வரிக்கும் சேர்த்து ஒரே விருது. நாம் இசையமைப்பாளர் வேறு, பாடலாசிரியர் வேறு என்று பார்த்துப் பழகியவர்கள், அதனால்தான் இந்தக் குழப்பம். ‘ஒரிஜினல் ஸ்கோர்’ என்ற இந்த விருதை 1947இல் முதலில் வாங்கியவர் ‘ஸ்ட்ரீட் சீன்’ நாடகத்துக்கு இசை எழுதிய குர்ட் வைல். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதும் வேலைக்கு 1997 முதல் தனி விருது இருக்கிறது.

முக்கியமான நிபந்தனை, இசை மேடைக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் தெரிந்த பழைய பாட்டுகளைக் கோத்துக் கதை செய்தால், மண்டபம் நிறையும், ஆனால் இந்த விருதுக்கு நிற்க முடியாது. இன்னொன்று, போட்டியே நியூயோர்க்கின் 41 பிராட்வே அரங்குகளுக்குள்தான். ஐந்நூறு இருக்கைக்குக் குறைந்த அரங்கில் எவ்வளவு நல்ல நாடகம் நடந்தாலும் கணக்கில் வராது.

‘விக்கட்’ படம் பார்த்ததிலிருந்து வீட்டில் அந்தப் பாட்டுதான். மேடையில் வந்த வருடம் அதற்கு இசை விருது கிடைக்கவில்லை என்கிறார்களே, அநியாயம் இல்லையா ஐயா?
(தலவாக்கலை, உயர்தர மாணவி)

அநியாயம்தான் மகளே, ஆனால் நீங்கள் நினைக்கிற அநியாயம் வேறு, நான் நினைக்கிறது வேறு.

2004இல் அந்த விருதுக்கு நாலு பேர் நின்றார்கள்: ‘விக்கட்’, ‘அவெனியூ க்யூ’, ‘டாபூ’, ‘கரோலைன், ஓர் சேஞ்ச்’. கிடைத்தது பொம்மைகளை வைத்து நடந்த ‘அவெனியூ க்யூ’வுக்கு. சிறந்த இசைநாடகம் என்ற பெரிய விருதும் அதற்கே போனது. ‘விக்கட்’டுக்கு இசை எழுதிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எத்தனையோ முறை அந்தப் பட்டியலில் நின்றும் ஒருமுறைகூட வென்றதில்லை.

அவர் வேலையில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். கதையின் நாயகி எல்ஃபபா ‘அன்லிமிட்டட்’ என்று இழுக்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஏழு சுரமும் 1939இல் வந்த பழைய ‘விஸார்ட் ஒஃப் ஓஸ்’ படத்து வானவில் பாட்டின் முதல் ஏழு சுரம். தாளத்தையும் நடையையும் மாற்றியதால் காதுக்குப் பிடிபடாமல் ஒளிந்திருக்கிறது. ‘எனக்கு எல்லையே இல்லை’ என்று கனவோடு முதலில் பாடுகிறாள். ‘டிஃபையிங் கிராவிட்டி’ பாட்டில் அதே சுரத்தைச் சவாலாகப் பாடுகிறாள். தோழியிடம் விடைபெறும் பாட்டில் அதே சுரம் ‘எனக்கு எல்லை வந்துவிட்டது’ என்று உடைந்து வருகிறது. ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் ஏழு சுரத்துக்குள் வைத்துவிட்டார். நம் கூத்தில் தப்பு என்கிற பறையை அடிக்கும் தப்புக்காரர், ரதியின் ஆட்டத்துக்கு அடித்த அடியையே அவள் அழும்போது தளர்த்தி அடிப்பாரே, அந்த வித்தை இது.

ஆனாலும் அந்த வருடம் என் கையில் வாக்கு இருந்திருந்தால் ‘கரோலைன், ஓர் சேஞ்ச்’சுக்குத்தான் போட்டிருப்பேன். இசை ஜெனீன் டெசோரி, எழுத்து டோனி குஷ்னர். 1963, அமெரிக்காவின் லூசியானா மாநிலம். கரோலைன் என்ற கறுப்பினப் பெண் ஒரு யூதக் குடும்பத்து வீட்டின் நிலவறையில் துணி துவைக்கிறாள். வாரச் சம்பளம் முப்பது டொலர். அவளோடு பேச ஆள் இல்லை. அதனால் சலவை இயந்திரம் பாடுகிறது, துணி உலர்த்தும் இயந்திரம் பாடுகிறது, ரேடியோ மூன்று பெண் குரலில் பாடுகிறது, நிலா பாடுகிறது, பஸ் வண்டியும் பாடுகிறது. வீட்டுப் பையன் காற்சட்டைப் பையில் சில்லறையை மறந்துவிட்டுப் போகிறான். அதை நீயே எடுத்துக்கொள் என்கிறாள் அவனுடைய சிற்றன்னை. ஒருநாள் இருபது டொலர் தாள் வருகிறது. அங்கே வெடிக்கிறது எல்லாம்.

நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வீட்டு வேலைக்குப் போன அக்காமார் எத்தனை பேர்! வந்து கதை சொல்லும்போது ஆட்களைப் பற்றிச் சொல்வதைவிட அந்த வீட்டு இஸ்திரிப் பெட்டியையும் குசினியையும் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். துணை அதுதானே. கரோலைனின் நிலவறைப் பாட்டுகளை முதலில் கேட்டபோது தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் நாலாம் காம்பராவில் இருந்த அத்தையின் முகம் வந்து நின்றது. சொல்லும் பாட்டும் பிரியாமல் ஆரம்பம் முதல் கடைசிவரை போகும் நாடகம் அது. புளூஸ் வருகிறது, யூதக் கல்யாண வீட்டு இசை வருகிறது, தேவாலயப் பாட்டு வருகிறது. எந்த மனிதர் பாடுகிறாரோ அவர் வந்த இடத்தின் இசை அவரோடு வருகிறது. பிராட்வேயில் 136 காட்சிகளோடு நின்றுபோனது. என் மனசுக்கு அந்த வருடத்து அநியாயம் இதுதான்.

படப் பாட்டைக் கேளுங்கள், தப்பில்லை. இதையும் ஒருமுறை தேடிக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நம்ம ரஹ்மானுக்கு டோனி கிடைத்ததா?
(பதுளை வாசகர்)

இல்லை. அவர் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டனில் அரங்கேறி 2004இல் பிராட்வே போனது. அதாவது மேலே சொன்ன அதே வருடம். உடை, நடன அமைப்பு, வாத்திய அமைப்பு என்று மூன்று பிரிவில் பரிந்துரை வந்தது. இசைப் பட்டியலில் பெயர் இல்லை. அந்த நாடகத்தில் திரையில் முன்பே வந்த பாட்டுகளும் இருந்தன. ‘உயிரே’யில் நாம் கேட்ட ‘தைய தையா’ மெட்டு, ‘முதல்வன்’ படத்து ‘ஷக்கலக்க பேபி’ எல்லாம் அங்கே ஒலித்தன.

அதோடு முடியவில்லை. 2006இல் கனடாவின் டொரொண்டோவில் மேடையேறிய ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாடகத்துக்கு அவரும் பின்லாந்தின் வார்த்தினா குழுவும் கிறிஸ்தோபர் நைட்டிங்கேலும் சேர்ந்து இசை அமைத்தார்கள். அந்த நைட்டிங்கேல் பிறகு ‘அ கிறிஸ்மஸ் கேரல்’ நாடகத்துக்கு டோனி வாங்கினார்.

பாட்டு இல்லாத வசன நாடகத்துக்கும் இசை விருது கொடுப்பார்களா?
(பண்டாரவளை வாசகி)

கொடுப்பார்கள். இப்போது சொன்ன ‘அ கிறிஸ்மஸ் கேரல்’ வசன நாடகம்தான். 2020ஆம் ஆண்டுக்கான போட்டியில் கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்ததால், இசைப் பட்டியலில் நின்றது எல்லாமே வசன நாடகங்கள். விழாவும் தள்ளிப்போய் 2021 செப்டெம்பரில்தான் நடந்தது. 2024இல் ஒரு பாட்டுக் குழு இசைத்தட்டு பதிவு செய்யும் கதையான ‘ஸ்டீரியோஃபோனிக்’ என்ற வசன நாடகம் அந்தப் பட்டியலில் வந்தது. இசை விருது ‘சஃப்ஸ்’ இசைநாடகத்தின் ஷைனா டாப்புக்குப் போனது.

என் கணவர் ‘பாண்டம் ஒஃப் த ஒபரா’ கட்சி, நான் ‘இன்டு த வூட்ஸ்’ கட்சி. கல்யாணமான நாள் முதல் சண்டை. தீர்த்து வையுங்கள்.
(கண்டி வாசகி)

1988 விழாவே இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது. ‘பாண்டம்’ சிறந்த இசைநாடகம் உட்பட ஏழு விருது எடுத்தது. இசை விருது ‘இன்டு த வூட்ஸ்’ எழுதிய ஸ்டீபன் சொண்டைமுக்கு. நான் உங்கள் கட்சி. கதையில் ஐந்து மந்திர அவரை விதை, இசையில் ஐந்து சுரம். அந்த ஐந்தும் முளைத்து எங்கெங்கே கொடி படர்கிறது என்று பென்சிலோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து இசைக்கு ஒரு விருது கொடுப்பதென்றால் யார் பேரில் கொடுப்பது? மெட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாதே.
(கொட்டகலை, இளைஞர்)

தம்பி, எல்லாக் கடிதத்திலும் என்னை நிறுத்தி வைத்த கேள்வி உங்களுடையது.

டோனி விதிப்படி பார்த்தால் நம் கூத்து வாசலிலேயே நின்றுவிடும். மேடைக்கென்று ஒருவர் புதிதாக எழுதியதா என்று கேட்பார்கள். காமன் கூத்தோ, அர்ச்சுனன் தபசோ, பொன்னர் சங்கரோ, தாத்தா பாடியதை அப்பா பாடி, அப்பா பாடியதை மகன் பாடுவது. ஆனால் பாடுகிறவர் ஒவ்வொருவரும் அதில் கை வைக்கிறார். அந்தக் கையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றிப் பௌர்ணமியை ஒட்டி மன்மதனை எரிக்கும் இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கு மேல் பனி இறங்கும். தப்பின் தோல் தளரும். சத்தம் உள்ளே போய்விடும். உடனே ஒரு பையன் காய்ந்த மானாப்புல்லையும் பழைய பேப்பரையும் கொளுத்துவான். தப்புக்காரர் குந்தி உட்கார்ந்து தோலை நெருப்புக்குக் காட்டி, மெல்லச் சுற்றி, விரலால் சுண்டிப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம். மறுபடி சுண்டுவார். ‘டங்’கென்று குரல் திரும்பியதும் இடுப்பு நிமிரும். அதுவரை கோமாளி கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பார். உடுக்குக்காரர் மெதுவாக ஒரு நடை போட்டுக்கொண்டிருப்பார். எங்கள் தோட்டத்தில் கூத்துப் பழக்கும் ஒரு மாஸ்டர், தோல் காயும் நேரத்தைக் கணக்கு வைத்தே ரதியின் புலம்பலைத் தொடங்குவார். தப்பே இல்லாமல் ஒற்றைக் குரல். ‘என்னப் பெத்த ராசா’ என்று ஆண் குரலில் அந்த ரதி அழும்போது பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்கள் எல்லாம் அழுவார்கள். புலம்பல் முடியும் இடத்தில், சூடேறிய தப்பு நாலும் ஒன்றாக விழும். எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. பனிக்கும் தோலுக்கும் கதைக்கும் கணக்குப் போட்டு அந்த இடத்தை அமைத்தவர் இசையமைப்பாளர் இல்லையென்றால் வேறு யார்?

மெட்டு பழையது என்பதற்காக மதிப்புக் குறையக்கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1956இல் சரச்சந்திர மேடையேற்றிய ‘மனமே’ சிங்கள நாடக வரலாற்றையே திருப்பியது. அதன் இசை நாடகம எனும் பழைய கூத்து மரபிலிருந்து வந்தது. அந்த மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு இரத்த உறவு. 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மையாக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். யாரும் மெட்டு பழையது என்று முகம் சுளிக்கவில்லை.

அதனால் விருதைத் தப்பு செட்டுக்கும் மாஸ்டருக்கும் சேர்த்துக் கொடுங்கள். பட்டயத்தில் அத்தனை பேர் பெயரும் வரவேண்டும், நெருப்பு மூட்டும் பையன் பெயரும்.

பாடசாலை நாடகத்துக்குச் சினிமாப் பின்னணி இசையைப் போட்டால் உடனே கைதட்டல் வருகிறது. சொந்தமாகச் செய்தால் எடுபடுமா?
(நோர்வூட், ஆசிரியை)

எடுபடும் டீச்சர். தெரிந்த மெட்டை எடுப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத்துக் கூட்டங்களில் நம் சனத்தின் கஷ்டத்தைப் பாடியபோது, சனத்துக்குப் பழகிய மெட்டில்தான் சொல்லை ஏற்றினார். கூட்டம் கூடவே பாடவேண்டும் என்பது அவர் தேவை. உங்கள் தேவை என்னவென்று முதலில் கேளுங்கள். சினிமா இசையைப் போட்டால் பார்க்கிறவருக்கு அந்தப் படத்து நடிகரின் முகம்தான் ஞாபகம் வரும். உங்கள் பிள்ளை மேடையில் நின்று நடிப்பது வீணாகிவிடும்.

ஒரு வழி சொல்கிறேன். இரண்டு வாரம் இசையே இல்லாமல் ஒத்திகை பாருங்கள். எந்த இடத்தில் பிள்ளையின் கால் தானாகத் தயங்குகிறதோ, எங்கே வசனம் போதவில்லையோ, அங்கே மட்டும் இசை வையுங்கள். கீபோர்டில் இருக்கும் ரெடிமேட் தாளத்தைத் தொடாதீர்கள். தகரத்தில் மழை விழும் சத்தம், கொழுந்து கிள்ளும் விரல் சத்தம், விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு, இவை போதும்.

ஒரு போட்டியில் எங்கள் பிள்ளைகள் பெரட்டுத் தப்பில் தொடங்கிப் பெரட்டுத் தப்பில் முடித்தார்கள். நடுவர் ஒருவர் மதிப்பெண் தாளில் ‘சாவு மேளம் தவிர்க்கப்பட வேண்டும்’ என்று எழுதி இசைக்கான மதிப்பெண்ணைக் குறைத்தார். தப்படித்த பையனின் தாத்தா அந்தத் தோட்டத்தில் நாற்பது வருடம் பெரட்டுக்கு அடித்தவர். பையன் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தப்பைத் துணியில் சுற்றினான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கூத்துக்கு ஒரு அடி என்று தெரியாதவர் கையில் அந்தப் பேனாவைக் கொடுக்கக்கூடாது. உங்கள் பிள்ளைகள் தப்போடு மேடையேறினால் எனக்கு எழுதுங்கள், பஸ் ஏறி வந்து பார்க்கிறேன்.

மேடையைப் பார்க்க வழியில்லை. இசைத்தட்டை மட்டும் கேட்டுவிட்டு எது சிறந்தது என்று வாதாடலாமா?
(நுவரெலியா வாசகர்)

வாதாடுங்கள், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். கதையை முதலில் முழுதாகப் படித்துக்கொண்டு, பாட்டுகளை வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். பாடுகிறவர் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாமல் எந்தப் பாட்டுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

டோனியில் வாக்களிக்கிற எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் பிராட்வே போய்ப் பார்த்துத்தான் வாக்குப் போட வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். மாசி மாதம் பக்கத்துத் தோட்டத்தில் கம்பம் ஊன்றினால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு போங்கள். தப்பு காய்ச்சும் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அங்கிருந்துதான் பாட்டும் சரியாகக் கேட்கும்.