பெயர் கடைசியில் வரட்டும்: வம்சாவளித் தேடல் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் ஆங்கிலோ இந்தியர்கள், குடும்பப்பெயர் வாக்கர். தெருவில் இன்றும் எங்கள் வீட்டை ‘சட்டைக்காரர் வீடு’ என்றுதான் சொல்வார்கள். தாத்தா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். கையில் இருப்பது அவருடைய 1919-ம் வருட ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றுதான். ‘வாக்கர் குடும்பம் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் தோன்றியது’ என்று ஓர் இணையதளம் சொல்கிறது, குடும்பச் சின்னம் வரைந்து ஃபிரேம் போட்டு விற்கிறது. வாங்கலாமா? தேடலை எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அந்த ஃபிரேமை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் ஒரு குடும்பப்பெயருக்கென்று சின்னம் கிடையாது. சின்னம் தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருக்குப் பின் அவருடைய முறையான ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். லண்டனில் 1484-ல் நிறுவப்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைப் பதிவு செய்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இன்னொரு வாக்கருக்கு அந்தச் சின்னத்தில் பாத்தியதை வராது.

பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நெசவும் தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, ஆள் இறங்கிக் காலால் மிதித்துக்கொண்டே இருப்பார். பிசுக்குப் போய், இழைகள் நெருங்கி, துணி சுருங்கித் தடிமனாகும். அந்த வேலையைச் செய்தவருக்கு வட இங்கிலாந்திலும் நடுப்பகுதியிலும் வாக்கர் என்று பெயர். தென்கிழக்கில் அவரே ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். துணி நெய்த ஊரிலெல்லாம் மிதிப்பவர் இருந்திருப்பார், ஆகவே ஒருவருக்கொருவர் உறவே இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் பெயர் தனித்தனியாக ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்துத் தொழில் தெரியும், ஓரளவு வட்டாரம் தெரியும். உங்கள் மூதாதை யார் என்று தெரியாது. அதனால் பெயரைக் கடைசிக்கு வைத்துவிட்டு, கையில் இருக்கும் காகிதத்திலிருந்து பின்னோக்கி நடங்கள்.

தாத்தாவின் சான்றிதழில் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பெற்றோர் பெயர், தகப்பனாரின் தொழில், வசிப்பிடம் எல்லாம் இருக்கும். அடுத்துத் தேட வேண்டியது அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவு. அதில் மணமகனுடைய தகப்பனார் பெயர் இருக்கும், ஏணியின் அடுத்த படி அதுதான். பிறகு அந்த மணமகனின் ஞானஸ்நானம், பிறகு அவருடைய பெற்றோரின் திருமணம். தலைமுறைக்கு இரண்டு பதிவு கையில் வராமல் அடுத்த படிக்குத் தாவக் கூடாது. இந்தியாவில் ஞானஸ்நானப் பதிவே இல்லாத ஒருவர் வரும்போது, கப்பலில் வந்து இறங்கியவர் அவராக இருக்கலாம்.

முதலில் ஆலயத்துக்கு எழுதுங்கள். பெயர், தகப்பனார் பெயர், வருடம் மூன்றையும் குறிப்பிட்டு, முன்னும் பின்னும் ஐந்து வருடம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘எங்கள் குடும்பம் பற்றி என்ன இருக்கிறது’ என்று பொதுவாகக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் வராது. அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயங்களின் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில், மெட்ராஸுக்கென்று 1698 முதல் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் படங்களாகப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களை ஆராயும் ஃபிபிஸ் என்கிற சங்கத்தின் தளத்திலும் ஃபேமிலிசர்ச்சிலும் அட்டவணை இலவசம். அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். தொழிலும் ரெஜிமெண்டும் பெரும்பாலும் மூலப் படத்தில்தான் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பமென்றால் லண்டன் நகல்களை நம்பியிருக்க முடியாது, நிறைய விடுபட்டிருக்கும். பங்கு ஆலயத்தின் சொந்தப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

வந்தவர் பட்டாளத்துக்காரர் என்றால், எந்தப் பட்டாளம் என்று முதலில் தீர்மானியுங்கள். இங்கேதான் பலருக்கு வருடக்கணக்கில் வீணாகிறது. ரெஜிமெண்ட் பெயருக்கு முன் ‘எச்.எம்.’ என்று இருந்தால் அரசரின் படை. ஓய்வூதியத்தோடு விலகியவர்களின் தாள்கள் லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 வரிசையில் இருக்கின்றன. ‘மெட்ராஸ் யூரோப்பியன் ரெஜிமெண்ட்’, ‘மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்’ என்றிருந்தால் கிழக்கிந்திய கம்பெனியின் படை. கம்பெனி ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய பட்டியல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்/மில்/9 வரிசையிலும், மெட்ராஸ் படையின் பதிவேடுகள் எல்/மில்/11 வரிசையிலும் உள்ளன. வயது, சொந்த ஊர், பழைய தொழில், வந்த கப்பல் என்று இங்கிலாந்துப் பக்கம் கதவைத் திறக்கும் விவரங்கள் இவற்றில்தான் கிடைக்கும். 1861-62-ல் கம்பெனியின் ஐரோப்பியப் படைகள் அரசரின் படையோடு சேர்ந்தன, மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் 102-வது ரெஜிமெண்ட் ஆனது. ஒரே மனிதரின் பணிக்காலம் இரண்டு காப்பகங்களில் பிரிந்து கிடப்பது இதனால்தான்.

ராயபுரத்திலிருந்து 1856-ல் ரயில் ஓடத் தொடங்கியபின் மெட்ராஸ் ரயில்வேக்காக வந்தவர் என்றால் வேலை சுலபம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்தது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837-லிருந்தே தாயின் கன்னிப் பெயரும் உண்டு, ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தெடுக்க அதுவே கைகொடுக்கும். அட்டவணை காலாண்டு வாரியானது. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். 1875-க்கு முன் பதியாமலே விட்ட குழந்தைகளும் உண்டு. கிடைக்கவில்லை என்றால் ஊர் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவுக்குப் போங்கள்.

கேள்வி: ராயபுரம் பங்கு ஆலயத்தில் கிடைத்த 1840-களின் பதிவு லத்தீனில் இருக்கிறது. ஜேம்ஸ் என்று நாங்கள் கேள்விப்பட்ட முப்பாட்டனார் அதில் ‘ஜேகோபுஸ்’. தாயார் பெயர் ‘மரியா’ என்று மட்டும் இருக்கிறது. இது எங்கள் குடும்பம்தானா?
– வாசகி, ராயபுரம்

பதில்: பெயர் ஒத்துப்போகிறது. ஜேகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், கரோலுஸ் என்றால் சார்லஸ். ஆங்கிலப் பதிவுகளிலும் இப்படிச் சுருக்கங்கள் உண்டு. ஜே, என், ஓ என்று மூன்றெழுத்து இருந்தால் அது ஜான், அதை ஜோனதன் என்று படித்துத் தப்பான ஆளைப் பிடித்தவர்கள் நிறைய. பெயர் பொருந்தியது மட்டும் போதாது. தகப்பனார் தொழிலும் ஞானப்பெற்றோர் பெயர்களும் நீங்கள் அறிந்த குடும்பத்தோடு சேர்கின்றனவா பாருங்கள்.

‘மரியா’ என்று மட்டும் எழுதியிருப்பது அந்தத் தாய் இந்தப் பக்கத்துப் பெண் என்பதற்கு வலுவான அடையாளம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை மட்டும் எழுதிவிட்டு, அவள் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிடுவார்கள். சில பதிவுகளில் தாய் பெயரே இருக்காது. அரசியல் சட்டத்தின் 366(2)-வது பிரிவும் ஆங்கிலோ இந்தியரைத் தகப்பன் வழியை வைத்தே வரையறுக்கிறது. குடும்பத்தின் பாதி வேர் இப்படித்தான் ஏட்டில் ஏறாமல் போனது, அதைத் தேடாமல் விடுவது அநியாயம். அதே பெற்றோருக்குப் பிறந்த எல்லாக் குழந்தைகளின் பதிவுகளையும் எடுங்கள். ஒன்றில் விட்டதை இன்னொரு குருவானவர் எழுதியிருப்பார். ஞானத்தாயாக நின்றவர் தாயின் சகோதரியாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஆங்கிலப் பெயர் இருந்தால் ஆங்கிலேய ரத்தம் இருந்தே தீரும் என்பதில்லை. ஞானப்பெற்றோரின் பெயரையோ புரவலரின் பெயரையோ ஏற்றவர்கள் உண்டு. பழவேற்காட்டில் 1825 வரை டச்சுக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் வழிப் பெயர்கள் ஆங்கில எழுத்தர்கள் கையில் ஆங்கிலப் பெயர்போல மாறியிருக்கவும் கூடும்.

கேள்வி: குடும்பக் கல்லறையில் எழுத்து மங்கிவிட்டது. சுண்ணாம்பு தடவினால் தெரியும் என்கிறார் காவலாளி. செய்யலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டாம். சுண்ணாம்பு, சாக்பீஸ், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. பளிங்குக் கல்லின் மேல்தோல் ஏற்கெனவே மழையில் அரித்து மணல் மணலாக இருக்கும், ஒருமுறை தேய்த்தால் மிச்ச எழுத்தும் போகும். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ் போதும். காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். அந்தி சாய்ந்தபின் கல்லின் ஓரத்தில் டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தால், நேர்வெளிச்சத்தில் தெரியாத வரிகூட நிழலில் எழும்பும். படமும் எடுங்கள், கையாலும் வரிக்கு வரி அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வயதை வருடம், மாதம், நாள் என்று பொறித்திருந்தால் இறந்த தேதியிலிருந்து கழித்துப் பிறந்த தேதியைக் கண்டுவிடலாம்.

எழுத்து முழுக்கப் போயிருந்தால், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-ல் தொகுத்த மெட்ராஸ் கல்லறை வாசகங்களில் பாருங்கள். முக்கியமானவை என்று அவர் கருதியவற்றைத்தான் சேர்த்தார், சாதாரணப் பட்டாளத்துக்காரர் அதில் இருப்பது அரிது. கோட்டையில் புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பதித்த கற்களைப் பார்த்து அங்கேயே அடக்கம் நடந்ததாக எழுதாதீர்கள். இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டிலிருந்து, 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பின் பெயர்த்துக் கொண்டுவந்த கற்கள் அவை.

கேள்வி: எங்கள் பெயர் ப்ரைஸ். விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பெரும்பாலும் இல்லை. வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்றால் மகன். அப் ரீஸ் ப்ரைஸ் ஆனது, அப் ஹைவெல் பவல் ஆனது. நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது இது. இங்கிலாந்தில் 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட, வேல்ஸின் சில பகுதிகளில் 18-ம் நூற்றாண்டிலும் மாறியது. அங்கே பின்னோக்கிப் போகும்போது ஒரு கட்டத்தில் ப்ரைஸ் மறைந்து ரீஸ் என்பவர் நிற்பார். தடம் தவறிவிட்டதென்று திரும்பிவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் மூதாதை கிரீன்வுட் 1829-ல் கம்பெனிப் படையில் சேர்ந்தவர். பட்டியலில் ‘வயது 19, நெசவாளர், ஹாலிஃபாக்ஸ், யார்க்ஷயர்’ என்றிருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் பதிவுகளில் அதே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?
– வாசகி, வேப்பேரி

பதில்: உங்களுக்கு வாய்த்தது வாக்கருக்கு நேர் எதிரான சிக்கல். கிரீன்வுட் என்ற பெயர் அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் ஹெப்டன்ஸ்டாலை ஒட்டிய ஓர் இடத்திலிருந்து கிளம்பி, கால்டர் பள்ளத்தாக்கு முழுக்கப் பெருகியது. வட்டாரம் உறுதி, ஆனால் திரும்பிய இடமெல்லாம் கிரீன்வுட்.

முதலில் வலையை விரியுங்கள். பட்டாளத்தில் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள், 1806 முதல் 1813 வரை பாருங்கள். ஹாலிஃபாக்ஸ் மிகப் பெரிய பங்கு (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள வட்டாரம்), ஹெப்டன்ஸ்டால், எல்லண்ட் போன்ற கிளை ஆலயங்களுக்குத் தனிப் பதிவேடுகள் இருந்தன. ஊர் எழுதியவர் பக்கத்துப் பெரிய ஊரை எழுதியிருப்பார். நெசவாளர்களில் அங்கிலிக்கன் அல்லாத சபையினர் நிறைய. அவர்களுடைய 1837-க்கு முந்தைய பதிவேடுகள் கியூவில் ஆர்ஜி 4 வரிசையில் உள்ளன. இங்கெல்லாம் தேடியபின் மூவர் ஐவரானாலும் பரவாயில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கழியுங்கள். குழந்தையிலேயே இறந்தவர் இருக்கிறாரா என்று அடக்கப் பதிவில் பாருங்கள், அந்தக் காலத்தில் இது முதல் வேலை. 1829-க்குப் பின் அங்கேயே திருமணம் செய்தவர் உங்களவர் இல்லை. 1841, 1851 குடிக்கணக்குகளில் அங்கே வீட்டோடு இருப்பவரும் இல்லை. 1841-ல் 15-க்கு மேற்பட்ட வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். 1851-ல் வயதோடு பிறந்த ஊரும் உண்டு, அதையே அதிகம் நம்பலாம்.

ஒருவர் மட்டும் மிஞ்சினாலும் அது அனுமானம்தான். உறுதிக்கு இந்தப் பக்கத்துத் தாள் ஒன்று வேண்டும். இறந்த ஐரோப்பியரின் உயில், சொத்துக் கணக்குகள் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்/ஏஜி/34 வரிசையில் உள்ளன. ஹாலிஃபாக்ஸில் உள்ள தகப்பனையோ தமக்கையையோ வாரிசாகக் குறித்திருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. மெட்ராஸில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களையும் அந்தத் தாத்தா பாட்டி பெயர்களோடு ஒப்பிடுங்கள்.

இங்கிலாந்தில் 1813 முதல் ஞானஸ்நானப் பதிவு அச்சடித்த படிவத்துக்கு மாறியது, தகப்பனார் தொழிலும் ஊரும் இருக்கும். அதற்கு முன் பல ஊர்களில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்ற ஒரு வரிதான். 1752-க்கு முன் வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே ஏட்டில் 1720 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1721. இதைக் கவனிக்காதவர்களுக்கு, கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும். பங்குப் பதிவேடு வைக்கும் கட்டளை 1538-ல் வந்தது, அதற்கு மேல் சாதாரணக் குடும்பத்தைத் தொடர்ந்து கொண்டுபோவது அபூர்வம். யார்க்ஷயர் மேற்கு ரைடிங்கின் 1379 தலைவரிப் பட்டியல் பெயர் பெயராக எஞ்சியிருக்கிறது. அதில் ஒரு கிரீன்வுட் கிடைத்தால் தனித் தாளில் குறித்துவையுங்கள். இடையில் உள்ள தலைமுறைகளுக்கு ஆவணம் கிடைக்கும்வரை அவரை வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள்.