பள்ளியில் தட்டு காலி, வீட்டில் காய் மிச்சம்: ஊட்டச்சத்து ஆலோசகரிடம் கேட்டவை

கேள்வி: மூன்றாவது படிக்கும் என் மகன் பள்ளிச் சத்துணவில் முட்டை, சாம்பாரில் கிடக்கும் காய் என்று எல்லாவற்றையும் காலி பண்ணுகிறானாம். வீட்டில் அதே காயைத் தொட மாட்டேன் என்கிறான். சமையலில் குறையா?

பதில்: சமையலை விடுங்கள் சார், நேரத்தைப் பாருங்கள். பள்ளியில் காலை உணவு முடிந்தால் (2022-ல் வந்த திட்டம், எனக்கு மிகவும் பிடித்தது) மதிய மணி வரை பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. நல்ல பசியோடு உட்காருகிறான். பக்கத்துப் பையனும் அதையேதான் சாப்பிடுகிறான், யாரும் கெஞ்சுவதில்லை, டிவியும் இல்லை. வீட்டில் நாலரைக்கு பிஸ்கட், ஆறுக்கு மிக்சர், எட்டரைக்குச் சோறு என்றால் பசி எங்கிருந்து வரும்? மாலையில் ஒரே ஒரு தடவை சுண்டலோ வாழைப்பழமோ கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்களும் கூடவே உட்கார்ந்து அந்தக் காயைச் சாப்பிடுங்கள். பல வீடுகளில் அப்பா தட்டில் வறுவல் மட்டும்தான் இருக்கும், பிள்ளைக்கு அது தெரியாமலா போகும்?

கேள்வி: "காய் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். காய் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்றுதான் மனதில் பதியும். புதுக் காயைப் பத்து தடவைக்கு மேல் பார்த்த பிறகே வாயில் வைக்கும் பிள்ளைகளும் உண்டு. கொஞ்சமாக வையுங்கள், மிச்சம் வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். சரிவிகித உணவை ஒப்பிக்கிறார்கள். மணி அடித்ததும் வாசல் கடையில் கலர் பாட்டில்!

பதில்: ஒப்பிப்பதைக் குறைத்துவிட்டு, காலி பாட்டில்களையும் கவர்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள் டீச்சர். 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்றிருந்தால், 250 மில்லியில் 25 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். ஆறு டீஸ்பூன் சர்க்கரையை ஒரு டம்ளரில் அவர்களையே போடச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தோடு கணக்குப் பாடமும் முடிந்துவிடும். சிபிஎஸ்இ 2025-ல் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை (எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை) வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். வாசல் கடைக்கும் விதி உண்டு: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. தலைமையாசிரியர் மூலம் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள்.

கேள்வி: யூகேஜி பேத்தி, நான் சுட்ட முறுக்கைப் பார்த்து "பேட் ஃபுட் பாட்டி" என்கிறாள். மனசு கஷ்டமாகிவிட்டது.

பதில்: கோபப்படாதீர்கள் அம்மா, அந்த வயதில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். நல்லது, கெட்டது என்று பிரிக்கும் பாடம் எனக்கும் பிடிக்காது. "இது தினமும், இது எப்போதாவது" என்று சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அவளையும் மாவு பிசையக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சத்து பவுடர் கலக்காமல் பால் குடிக்க மறுக்கிறான்.

பதில்: டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும் வரிசையில்தான் அச்சிடுவார்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால், வாரா வாரம் அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள். பால் பிடிக்காவிட்டால் தயிர் போதும்.