சாவிக்கு முன்னால் கதவு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். அரக்கர்களைச் சுட்டுக்கொண்டே போகும் பழைய டூம் கேமை இந்த ஆண்டுதான் முதன்முதலாக விளையாடினேன். அது வெளிவந்தபோது நான் பிறக்கவே இல்லை. பல லெவல்கள் சேர்ந்த முதல் எபிசோடை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இரண்டாவதில் சாவி தேடித்தேடிச் சோர்ந்துவிட்டேன். சுற்றிய இடத்தையே சுற்றினேன். இந்த மாதிரி கேம்களை இன்னும் கொண்டாடுகிறவர்கள் சின்ன வயது நினைவில்தான் கொண்டாடுகிறார்கள், பூட்டிய கதவுகளைத் திறக்கக் கலர் கலராகச் சாவி தேட வைப்பது சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்கிறான் நண்பன். எனக்கு அப்படி ஒரு நினைவே கிடையாதே, பிறகு ஏன் பிடித்தது? சாவி விஷயத்தில் அவன் சொல்வது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சின்ன வயது நினைவு எதுவும் இல்லாத ஒருவரை 1993 டிசம்பரில் வந்த கேம் எழுந்திருக்க விடவில்லை என்றால், உங்களைப் பிடித்து வைத்தது அந்த லெவல்கள் கட்டப்பட்ட விதம்தான். சாவி பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் லெவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப அறையிலேயே ஜன்னல் இருக்கிறது. வெளியே திறந்தவெளி, அங்கே ஒரு குளம், அதன் நடுவில் நீலக் கவசம். கண்ணுக்குத் தெரிகிறது, போக வழி இல்லை. கதவைத் திறந்து உள்ளே போகிறீர்கள். பச்சை நச்சுக் குட்டையின் மேல் வளைந்து வளைந்து போகும் பாதை, உயரத்தில் நின்று தீயுருண்டை வீசும் இம்ப். அந்தப் பரபரப்பில் கவசம் மறந்துகூடப் போயிருக்கும். ஆனால் அதனிடம் போக ஒரு வழி சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் திறந்தவெளிக்கு வந்து நின்றால், தொடங்கிய அறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல், அம்புக்குறி எதுவும் போடாமல், இதை வடிவமைத்த ஜான் ரொமேரோ இந்த ஒரு லெவலிலேயே முழுப் பாடத்தையும் நடத்திவிடுகிறார்: இங்கே பார்ப்பதையெல்லாம் மனதில் வைத்துக்கொள், பிறகு பயன்படும்.

இந்த நம்பிக்கைதான் என்னை இந்தக் கேம்களிடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது. லெவல் நம் ஞாபகத்தை மதிக்கிறது.

டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமே உருவாக்கி 1992-இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் இது சாத்தியமாக இல்லை. எல்லாச் சுவர்களும் செங்கோணத்தில் சந்திக்கும். தரையும் கூரையும் எங்கேயும் ஒரே உயரம், வெளிச்சமும் ஒரே அளவு. எந்த மூலையில் நிற்கிறோம் என்று பிரித்துச் சொல்ல அடையாளம் கிடைப்பது கஷ்டம். ரகசியம் வேண்டுமென்றால் சுவர் சுவராகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். டூமில் ஜான் கார்மேக் எழுதிய எஞ்சின், அதாவது கேமை இயக்கும் மென்பொருள், சுவரை எந்தக் கோணத்திலும் நிறுத்த விட்டது, ஒவ்வொரு பகுதிக்கும் தனி உயரமும் தனி வெளிச்சமும் தந்தது. ஒரு கட்டுப்பாடு மட்டும் மிஞ்சியது. அறைக்கு மேல் அறை வைக்க முடியாது. வரைபடம் அடிப்படையில் தட்டையானது. அதனால் மேடை, பள்ளம், படிக்கட்டு, ஜன்னல் என்று பக்கவாட்டிலேயே விளையாட வேண்டியிருந்தது. மாடி கட்ட முடியாமல் போனதால்தான் டூமின் அறைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கின்றன என்று நினைக்கிறேன். 1996-இல் வந்த க்வேக் உண்மையான முப்பரிமாணத்தைக் கொடுத்தது. உயரத்தை அது அருமையாகப் பயன்படுத்தியது. ஆனாலும் என் மனதுக்கு நெருக்கம் டூம்தான்.

எதிரிகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இம்ப் வீசும் தீயுருண்டை, பார்த்து விலகும் வேகத்தில்தான் வரும். அதனால் விலக எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே சண்டையைத் தீர்மானிக்கிறது. அகலமான கூடத்தில் நான்கு இம்ப் வந்தால் சமாளித்துவிடலாம். குறுகலான சந்தில் ஒன்றே போதும், வியர்க்க வைத்துவிடும். அங்கேயே கடிக்க ஓடிவரும் பிங்கியையும் விட்டால் பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. இம்பின் தீயுருண்டை இன்னொரு இம்பை ஒன்றும் செய்யாது. பிங்கி மேல் பட்டாலோ அது திரும்பி இம்ப் மேல் பாயும். எங்கே நின்றால் இவர்களுக்குள் சண்டை மூட்டலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால், நீங்களும் லெவலை வடிவமைத்தவரின் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உடல்நிலையும் தானாகத் தேறாது. முப்பது சதவீதத்தில் நிற்கிறீர்கள், இரண்டு அறை பின்னால் ஒரு மருந்துப்பெட்டியை வேண்டாமென்று விட்டு வந்தது ஞாபகம் வருகிறது. போய் எடுப்பதா, இப்படியே அடுத்த கதவைத் திறப்பதா? 2001-இல் வந்த ஹேலோவின் தானே நிரம்பும் கவசமும், 2005-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 2-இல் தானே தேறும் உடலும் இந்தக் கேள்வியை இல்லாமல் செய்துவிட்டன. ஒவ்வொரு மோதலையும் தனியாக, கச்சிதமாக அமைக்க அது உதவியது உண்மைதான். ஆனால் கடந்து வந்த அறைக்கு அதன்பின் மதிப்பில்லாமல் போயிற்று.

சரி, சாவிக்கு வருவோம். பூட்டிய கதவை முதலில் காட்டிவிட்டுச் சாவியை அப்புறம் கொடுத்தால் அது நல்ல வடிவமைப்பு. சிவப்புக் கதவு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். சாவி கைக்கு வந்த கணமே வரைபடம் மனதில் விரியும். திரும்பிப் போகும்போது விளக்கு அணைந்து, சுவர் விலகி, பின்னாலிருந்து எதிரிகள் வந்தால் பழைய அறையே புது அறையாகிவிடும். கதவைக் காட்டாமல் சாவியைக் கொடுப்பதும், எங்கோ ஒரு சுவிட்சை அழுத்தினால் வேறெங்கோ சத்தமில்லாமல் ஏதோ திறப்பதும் விளையாடுகிறவரின் நேரத்தை வீணடிக்கும் வேலை. அதில் உங்கள் நண்பர் பக்கம்தான் நான்.

நீங்கள் உணர்ந்த மாற்றத்துக்கு ஒரு காரணமும் உண்டு. முதல் எபிசோட் பெரும்பாலும் ரொமேரோவின் கை. இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் சாண்டி பீட்டர்சன் செய்தவை. வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்தபோது வந்து சேர்ந்தவர் அவர். நிறுவனத்தை விட்டுப் போன டாம் ஹால் தொடங்கி வைத்திருந்த சில லெவல்களையும் அவர்தான் முடித்தார். அவருடைய லெவல்கள் கரடுமுரடானவை, சில இடங்களில் குழப்பமானவை, யோசனைகளோ தைரியமானவை. அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். டேப் பொத்தானை அழுத்தினால் வரைபடம் வரும். அதில் இன்னும் கோடு விழாத பக்கத்தை நோக்கிப் போங்கள், சாவி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நண்பரின் முதல் வாதத்துக்கு ஒன்று சொல்லுங்கள். டூமின் மூலநிரல் 1997-இல் பொதுவில் வெளியிடப்பட்டது. இன்றுவரை ஆட்கள் அதற்குப் புது லெவல்கள் செய்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களில் 1993-க்குப் பிறகு பிறந்தவர்களும் உண்டு. ரொமேரோவே 2019-இல் சிஜில் என்று ஒரு புது எபிசோடை வெளியிட்டார். 2018-இல் வந்த டஸ்க் இதே பாணியில் புதிதாகச் செய்த கேம். முதல் எபிசோட் பிடித்த உங்களுக்கு அதுவும் பிடிக்கும்.

அதற்கு முன்னால் இரண்டாம் எபிசோடை ஒரு முறை இப்படி விளையாடிப் பாருங்கள்: ஒவ்வொரு லெவலையும், முந்தைய லெவலில் சேர்த்த ஆயுதங்கள் இல்லாமல், வெறும் கைத்துப்பாக்கியோடு தொடங்குங்கள். ஷாட்கன்னை எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள், ஏன் அங்கே வைத்தார்கள் என்று அப்போது கவனிப்பீர்கள். முடித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்