கேள்வி நேரம்: குட்டி கோல்ஃப் எங்கே போனது?

கே: அண்ணே, அமெரிக்காவில் படிக்கும் என் மகன் ராக் சிட்டி என்ற இடத்துக்குப் போய்விட்டு, பாறைச் சந்துகளுக்குள் தாடி வைத்த குள்ளர் பொம்மைகள் நிற்கும் படங்களாக அனுப்பித் தள்ளுகிறான். இதெல்லாம் ஒரு மினி கோல்ஃப் மைதானத்தில் தொடங்கிய கதையாம். நிஜமா, இல்லை கதை விடுகிறானா?
– வாசகி, செந்தூல்

ப: நிஜம்தான் அக்கா, பையனை நம்புங்கள். 1920களில் கார்னெட் கார்ட்டர் என்பவரும் அவர் மனைவி ஃப்ரீடாவும் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகருக்கு மேலே இருக்கும் லுக்அவுட் மலையில், ஜார்ஜியா மாநிலப் பக்கம், நிலம் வாங்கி ஒரு குடியிருப்பும் விடுதியும் கட்டினார்கள். ஃப்ரீடாவுக்கு ஐரோப்பியத் தேவதைக் கதைகள் என்றால் உயிர், அதனால் அந்த இடத்துக்கே ஃபேரிலேண்ட் என்று பெயர். விருந்தினர்களுக்குப் பெரிய கோல்ஃப் மைதானம் தருவதாகத் திட்டம், ஆனால் பாறை நிலமாயிற்றே, வேலை இழுத்துக்கொண்டே போனது. அதுவரை வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று 1927 வாக்கில் விடுதி வளாகத்திலேயே, தடைகளுக்கு நடுவே பந்தை உருட்டிக் குழியில் போடும் ஒரு குட்டி மைதானம் போட்டார் கார்ட்டர் என்று சொல்வார்கள். உள்ளே குடைந்த மரக்கட்டை, குழாய், நடுநடுவே ஃப்ரீடா தேர்ந்தெடுத்த குள்ளர்கள், தேவதைகள். வந்த கூட்டம் பெரிய கோல்ஃபை மறந்துவிட்டது.

கார்ட்டர் சும்மா விடுகிற ஆளா? டாம் தம்ப் கோல்ஃப் என்று பெயர் வைத்து, காப்புரிமை வாங்கி, மைதானத்தை அப்படியே பெட்டிகட்டி விற்கத் தொடங்கினார். பணம் கொடுத்தால் குழாய், கட்டை, பொம்மை எல்லாம் வந்து இறங்கும், உங்கள் நிலத்தில் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். தரைக்குப் புல் கிடையாது. மெக்சிகோவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த தாமஸ் ஃபேர்பேர்ன் என்ற இங்கிலாந்துக்காரர் 1922இல் கண்டுபிடித்த கலவை அது: பருத்திக்கொட்டைத் தோலை அரைத்து, மணலும் எண்ணெயும் பச்சைச் சாயமும் சேர்த்து இறுக்கிப் பரப்புவது. நம் ஊர் தோட்டத்துப் பாட்டிகள் கேட்டிருந்தால் மாட்டுக்குப் போடுவதைத் தரையில் போடுகிறார்களே என்று திட்டியிருப்பார்கள். ஆனால் புல் வெட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பந்தும் சீராக ஓடும். இந்தத் தரை இல்லாமல் இந்த வியாபாரமே இல்லை.

அந்த முதல் மைதானம் இப்போது இல்லை. ஃப்ரீடா மட்டும் சும்மா இருக்கவில்லை, மலைமேல் பாறைகளுக்கு நடுவே கயிறு கட்டிக்கொண்டே நடந்து பாதை வகுத்தார், காட்டுச் செடிகளை நட்டார், குள்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார். 1932இல் அதுதான் ராக் சிட்டியாகத் திறந்தது. நெடுஞ்சாலை ஓரத்து மாட்டுக்கொட்டகைக் கூரைகளில் எல்லாம் ‘ராக் சிட்டியைப் பாருங்கள்’ என்று பெரிதாக எழுதிவைத்து விளம்பரம் செய்தார்கள், 900 கொட்டகை வரை. இந்தத் தம்பதியில் புத்திசாலி ஃப்ரீடாதான் என்பது என் கட்சி.

கே: அவ்வளவு ஓடிய விளையாட்டு ஏன் திடீரென்று செத்தது?
– வாசகர், கிள்ளான்

ப: 1930இல் அமெரிக்காவில் சுமார் 25,000 மினி கோல்ஃப் மைதானங்கள் இருந்ததாகக் கணக்கு. நியூயார்க்கில் மொட்டை மாடிகளில்கூட நடத்தினார்கள். பங்குச்சந்தை விழுந்து ஒரு வருடம் ஆகாத நேரம் அது, கட்டடம் கட்டப் பணம் இல்லாமல் நகரங்களில் மனைகள் காலியாகக் கிடந்தன, வேலை இல்லாதவன் கையில் சில்லறைதான் இருந்தது. காலி மனை, சில்லறைக் காசு, இரண்டும் சேர்ந்தால் குட்டி கோல்ஃப். ஆனால் அடுத்த தெருவுக்காரனும் அதையே செய்தான், அதற்கடுத்தவனும் செய்தான், சீக்கிரமே பலர் மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

விளையாட்டின் மேல் நான் பழி போடமாட்டேன். இது எப்போதுமே, வேறு ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும் நிலத்தில் குடியிருக்கும் விளையாட்டு. நிலத்துக்கு நல்ல விலை வந்ததும் முதலில் கிளப்புவது இதைத்தான், ஏனென்றால் சிமெண்ட் பொம்மையை உடைக்க ஒரு நாள் போதும். விதிவிலக்கும் உண்டு: நியூயார்க் மாநிலத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரை சீபிரீஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் 1930இல் போட்ட மைதானம், தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் ஏறி இன்னும் ஆட்டம் நடக்கும் இடமாகவே இருக்கிறது.

கே: அது இருக்கட்டும், நம்ம கோலாலம்பூரில் அப்படிப் போனது ஒன்றுமே இல்லையா? அமெரிக்காவையே சொல்கிறீர்கள்!
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: கோபம் நியாயம்தான். புக்கிட் பிந்தாங்கில் சுங்கை வாங் பிளாசா பேரங்காடிக்குள் நுழையும் போதெல்லாம் நீங்கள் ஒரு கேளிக்கைப் பூங்காவின் மேல்தான் நடக்கிறீர்கள். அதன் பெயர் பிபி பார்க். ஜோகெட் நடன மேடை, சீன நாடகம், படக்கொட்டகை, தீனிக் கடைகள் என்று ராத்திரி முழுக்க வெளிச்சம். 1970களின் தொடக்கத்தில் அதை எடுத்தார்கள், 1977இல் சுங்கை வாங் வந்துவிட்டது. பினாங்கில் நியூ வேர்ல்ட் பார்க் கதையும் ஏறக்குறைய அதுவே, இப்போது அங்கே சாப்பாட்டுக் கடைகள், பெயர் மட்டும் மிச்சம்.

மாறாக, கோம்பாக்கில் இருந்த மிமாலேண்ட் கேளிக்கைப் பூங்காவைப் பாருங்கள். 1975இல் திறந்து 1994இல் மூடினார்கள். சிமெண்ட் டைனோசர்கள், நீச்சல் குளம், பெரிய சறுக்கு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டு போன இடம், உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு டைனோசர் கழுத்தடியில் யாராவது நிற்பார்கள், தேடிப் பாருங்கள். காட்டோரமாக இருந்ததால் பேரங்காடி வரவில்லை, காடு உள்ளே வந்தது. பிபி பார்க்குக்கு வந்த சாவு மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பாதியில் விட்டு நனையவிடுவதைவிட. சன்வே லகூன் பூங்கா பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் வந்தது, நேர் எதிர்த் திசை: உபயோகமில்லை என்று கைவிட்ட பள்ளமே அங்கே மூலதனம்.

கே: மினி கோல்ஃப் என்றாலே காற்றாலை வைக்கிறார்களே, எதற்கு?
– மாணவி, பட்டர்வர்த்

ப: பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் ஊரைச் சேர்ந்த லோமா சகோதரர்கள் 1950களில் இந்த ஆடும், சுற்றும் தடைகளைப் பட்டறையில் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். சுற்றும் இறக்கைக்கு நடுவே பந்தை விடுவது பார்ப்பவனுக்கும் வேடிக்கை, அதுதான் விஷயம். அதே காலத்தில், 1954இல், வட கரோலினாவில் டான் கிளேட்டன் தொடங்கிய பட்-பட் மைதானங்களில் இந்தக் கோமாளித்தனம் எதுவும் கிடையாது, ஒவ்வொரு குழியையும் இரண்டே அடியில் முடிக்கலாம், குழியில் விழாவிட்டால் குற்றம் உங்களுடையது. நான் காற்றாலைக் கட்சி.

கே: கோல்ஃப் பணக்காரர் விளையாட்டுதானே? நமக்கும் அதற்கும் என்ன?
– வாசகர், ரவாங்

ப: சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இலேயே வந்துவிட்டது. மைதானங்களில் நம்மவர்களும் இருந்தார்கள், புல் வெட்டிக்கொண்டும் பை தூக்கிக்கொண்டும்.

கே: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மினி கோல்ஃபுக்குக் கூட்டிப்போகிறோம். நாங்கள் யாரும் ஆடியதில்லை. ஏதாவது சொல்லுங்கள் அண்ணே.
– வாசகி, தாமான் மெலாவாத்தி

ப: ஓங்கி அடிக்க விடாதீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள். தூக்கி வீசாமல் உருட்டுகிற ஆட்டம் இது. குழி நேராகத் தெரியாவிட்டால் பக்கக் கட்டையில் மோதவிடுங்கள், பந்து எந்தச் சாய்வில் போய் மோதுகிறதோ ஏறக்குறைய அதே சாய்வில்தான் மறுபக்கம் திரும்பும், பலமாக அடித்தால் மட்டும் கணக்கு தப்பும். காற்றாலை இருந்தால் இறக்கை விலகிய பிறகு அடிக்காதீர்கள், பந்து போய்ச்சேர நேரம் பிடிக்கும், இறக்கை மறைத்துக்கொண்டு இருக்கும்போதே அடிக்க வேண்டும். அப்புறம், ஒரு குழிக்கு ஆறு அடிக்கு மேல் யாரும் அடிக்கக் கூடாது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். இல்லையென்றால் சின்னவன் பத்தாவது அடி அடித்துக்கொண்டிருப்பான், பெரியவன் கத்திக்கொண்டிருப்பான், பின்னால் வரிசை நிற்கும்.