புது வீட்டு ஷட்டர் ஒரு பக்கம் சிக்குகிறதா? மோட்டார் போடும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் புது வீடு கட்டிக் குடிபுகுந்து எட்டு மாதம் ஆகிறது. நாங்கள் இருப்பது சென்னையில். மாதம் ஒரு தடவை வருவோம். படைப்பு (முன்னோருக்குப் படையல்), கோயில் திருவிழா என்றால் கூடுதலாக ஒரு நடை. முகப்பை ஒட்டிய கார் ஷெட்டுக்கு 10 அடி அகலம், 9 அடி உயரத்தில் இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். புதிதில் ஒற்றை ஆளாகத் தூக்க முடிந்தது. இப்போது இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. இறக்கும்போது வலது பக்கம் பாதியில் சிக்குகிறது. கீழே அதற்குள் துரு வேறு. மோட்டார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் இப்போது வேண்டாம். கையால் லேசாக ஏறி இறங்காத ஷட்டருக்கு மோட்டார் போட்டால் குறை உள்ளேயே இருக்கும். உங்கள் கைக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகும். சிக்குகிற இடத்தை மோட்டார் முரட்டுத்தனமாக இழுத்துக்கொண்டு போகும். சில மாதத்தில் பட்டை (ஷட்டரில் குறுக்கே மாட்டியிருக்கும் தகட்டுத் துண்டு) வளையும், அல்லது மோட்டாரே புகையும். முதலில் ஷட்டரைச் சரிசெய்யுங்கள்.

பாரம் ஏன் கூடியது என்பதிலிருந்து தொடங்கலாம். உங்கள் அளவுக்கு 1.2 மி.மீ. தகடு என்றால், தகட்டை விரித்துப் போட்டாலே ஏறக்குறைய 79 கிலோ. மடிப்புகள், மேலே சுருளும் பகுதி, அடியில் வரும் ஆங்கிள் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவைத் தொடும். இதை ஒரே ஆள் தூக்க முடிவதற்குக் காரணம், மேலே குழாயில் கோத்திருக்கும் ஸ்பிரிங்குகள். ஷட்டர் இறங்கும்போது அவை முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு விடுபட்டு பாரத்தை வாங்கிக்கொள்ளும். புது ஸ்பிரிங் முதல் சில மாதங்களில் கொஞ்சம் தளரும். உங்கள் வீட்டில் ஷட்டர் வாரக்கணக்கில் மூடியே கிடக்கிறது, அதாவது ஸ்பிரிங் முழு முறுக்கிலேயே நிற்கிறது. ஆகவே ஒரு தடவை முறுக்கேற்ற வேண்டிவரும் என்று எதிர்பார்க்கலாம்.

அதைச் சோதிப்பது எளிது. இருவராகச் சேர்ந்து ஷட்டரைச் சரிபாதிக்குத் தூக்குங்கள். யாரும் அடியில் நிற்காமல், கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டு, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். நின்ற இடத்திலேயே நின்றால், அல்லது ஓரிரு அங்குலம் அசைந்து நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே சரிந்தால் முறுக்கு போதவில்லை. மேலே துள்ளினால் முறுக்கு அதிகம். முறுக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் ஷட்டர் மேஸ்திரியின் வேலை, தயவுசெய்து நீங்களோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ தொட வேண்டாம். குழாயைப் பிடித்திருக்கும் கம்பி நழுவினால் அது சுழன்று அடிக்கும் வேகத்தில் கை முறியும். என்றாவது மேலே 'டமார்' என்று சத்தம் கேட்டு அதன்பின் பாரம் கூடியிருந்தால், ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. அந்த நிலையில் ஷட்டரை இயக்காமல் அப்படியே விட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் அளவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கையால் தள்ளித் தூக்கும் ஷட்டருக்கு, பால் பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர் வரை, பேரிங் வைத்தால் 12 சதுர மீட்டர் வரை என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6248 எல்லை வைக்கிறது. 8 சதுர மீட்டர் என்பது சுமார் 86 சதுர அடி, உங்களுடையது 90. நூலிழையில் தாண்டிவிட்டது. செலவைக் குறைக்க பேரிங் வைக்காமல் விட்டிருந்தால் நாளாக நாளாக இழுக்கத்தான் செய்யும். மேலே சுருளை மூடியிருக்கும் ஹூட் கவரைக் கழற்றி, குழாய் சுவர்த் தகட்டில் உட்காரும் இரு முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் இல்லையென்றால் இப்போதே வைத்துவிடுவது நல்லது. மோட்டார் போடும்போது எப்படியும் அந்த இடத்தைத் திறக்கத்தான் வேண்டும்.

இனி வலது பக்கச் சிக்கல். ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் வலது சேனலின் (பட்டை முனைகள் ஓடும் பக்கவாட்டுத் தடத்தின்) உள் விளிம்பை மேலிருந்து கீழாகப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து இரும்பு வெள்ளியாக மின்னும் ஒரு கோடு தெரியும். அது தொடங்குகிற இடத்தில்தான் உரசல் தொடங்குகிறது. இடது சேனலில் அதே உயரத்தில் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் இருந்தால் சேனல்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஒன்றில் மட்டும் இருந்தால் ஷட்டர் சாய்கிறது, அல்லது அந்தச் சேனலுக்குள் ஏதோ அடைத்திருக்கிறது.

புது வீடுகளில் அடைப்பதற்குப் பொருளா பஞ்சம்? பூச்சு வேலையின்போது தெறித்த சிமெண்ட், சுண்ணாம்புப் பூச்சின் கட்டிகள், ஆடிக் காற்றில் வந்து படிந்த செம்மண் புழுதி. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இதோடு குளவியும் சேரும். பாக்கு அளவுக்கு ஒரு மண்கூட்டைச் சேனலுக்குள் அப்பி வைத்துவிடும். இறங்குகிற பட்டை அதை நசுக்கி, செங்கல்போல் இறுக்கிவிடும். தட்டை ஸ்குரூ டிரைவரால் சுரண்டி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். சுத்தியலால் சேனலைத் தட்டக் கூடாது. உள்வாட்டில் ஒரு நெளிவு விழுந்தால் அதுவே அடுத்த சிக்கல்.

சுத்தம் செய்த பிறகும் சிக்கினால் டேப்பை எடுங்கள். இரு சேனல்களுக்கும் இடையிலான அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதுதான் காரணம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் எந்தச் சேனல் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பூச்சு காயும் முன் சேனலை அடித்துவிட்டுப் போனால் இப்படி ஆகும். அகலம் சரியாக இருந்து ஷட்டர் மட்டும் ஒருக்களித்து இறங்கினால், மேல் குழாயின் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று டியூப் மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒரு காரணம் பட்டைகள் பக்கவாட்டில் நகர்வது. ஒரு பட்டை மற்றதற்குள் கொக்கிபோல் மாட்டியிருக்கிறது. முனையில் கிளிப் வைத்து ரிவெட் அடிக்காவிட்டால், ஏற ஏற ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கும். கார் ஷெட்டின் உள்ளே நின்று பட்டை முனைகளைப் பாருங்கள். ஒரே நேர்கோட்டில் இல்லாமல் பல்வரிசை மாதிரி முன்பின்னாக இருந்தால், மேஸ்திரியை வைத்து நேராக்கி, ஒன்றுவிட்டு ஒரு பட்டைக்காவது கிளிப் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுக்கும் பழக்கமும் ஷட்டரைச் சாய்த்துவிடும். கொக்கிக் கம்பியை நடுவில் மாட்டி இழுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சேனலுக்குக் கிரீஸ் தடவவே கூடாது. நம் பக்கத்துப் புழுதி அதில் ஒட்டி உப்புத்தாள்போல் உரசும். தேங்காயெண்ணெயும் பிசினாகிவிடும். துடைத்த சேனலில் சிலிகான் ஸ்ப்ரேயை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை அடித்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மெழுகுவத்தியைத் தேய்ப்பதும் நல்ல வழிதான். ஆனால் மேற்குப் பார்த்த ஷட்டரில் சித்திரை வெயிலுக்கு மெழுகு இளகிவிடும். கிரீஸ் பேரிங்குக்கும், சங்கிலி இருந்தால் அதன் பற்களுக்கும் மட்டும்.

துருவுக்கு வருவோம். எட்டு மாதத்தில் அடியில் மட்டும் துரு என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆசிட். வேலை முடிந்ததும் தரையில் ஒட்டிய சிமெண்டைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். தெறிப்பது மட்டுமல்ல, அதன் புகைகூட மூடிய ஷெட்டுக்குள் தகட்டைத் தின்னும். ஆத்தங்குடிக் கல் பதித்த இடமானால் கல்லும் போய்விடும், அது சிமெண்டால் ஆனதுதானே. இனி அந்தப் பக்கம் ஆசிட் வேண்டவே வேண்டாம். இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கீழ் மூன்று நான்கு பட்டைகளையும் சேனலின் அடியையும் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி உடனே ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

காய்ந்ததும் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, 120 எண் உப்புத்தாள் போட்டு, தின்னரால் துடைத்துக்கொள்ளுங்கள். சாதா இரும்பென்றால் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடென்றால், அதாவது பெயின்ட் இல்லாத இடத்தில் பூப்பூவாகப் பளபளப்புத் தெரிந்தால், எட்ச் பிரைமர் அடித்த பிறகே எனாமல். நேராக அடித்தால் துத்தநாகப் பூச்சின்மேல் எனாமல் பிடிக்காமல் உரிந்துவிடும். மடிப்புகளில் பெயின்டைத் தேக்காதீர்கள். காய்ந்தால் பட்டைகள் ஒட்டிக்கொண்டு சுருள மறுக்கும்.

ஷட்டர் உட்காரும் கோட்டுக்கு வெளியே தரை அரை அங்குலமாவது தாழ்ந்து, தெருப்பக்கம் சரிவாக இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் ஐப்பசி அடைமழைக்கு முன் கொத்தனாரைக் கொண்டு சரிசெய்துவிடுங்கள். அடி ஆங்கிளில் ரப்பர் பட்டி ஒன்றும் போடச் சொல்லுங்கள். இரும்பு ஈரத்தரையில் நேராக உட்காராது. பூட்டிய வீட்டுக்குள் பாம்பும் தேளும் நுழையும் இடுக்கும் அடைபடும்.

இவ்வளவும் முடிந்து, ஷட்டர் பாதியில் விட்டால் நிற்கிறது என்றானபின் மோட்டாருக்குப் போகலாம். ஸ்பிரிங் ஷட்டருக்கு நடுக்குழாயிலேயே கவ்விக்கொள்ளும் மோட்டார் இருக்கிறது; உங்கள் அளவுக்கு அது போதும். தனி எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் இரண்டும் கட்டாயம். தரையிலிருந்து ஓர் அடிக்குள் குறுக்கே யாராவது வந்தால் நிறுத்தும் சென்சாரும் கேளுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். கரண்ட் இல்லாதபோது கையால் விடுவிக்கும் கம்பி எங்கே வருகிறது என்று பொருத்தும்போதே பார்த்து, ஒரு தடவை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் பூட்டைப் போட்டபடி ரிமோட்டை அழுத்தினால் பட்டைகள் மடிந்துவிடும். பழைய தாழ்ப்பாள்களைக் கழற்றிவிடுங்கள், அல்லது பூட்டியிருந்தால் மோட்டார் ஓடாதபடி சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்து ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடேறித் தானே நின்றுவிடும். அது பழுதல்ல, இருபது நிமிடம் ஆறவிட்டால் ஓடும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஷட்டரை முழுக்க ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது மோட்டார்மேலும் சுவிட்ச் பெட்டிமேலும் தண்ணீர் தெளிக்காமல், சந்தனத்தை ஹூட் கவரின் வெளிப்பக்கம் வைக்கட்டும். நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது அந்த எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள்; இடிமின்னலில் முதலில் போவது ரிமோட் போர்டுதான்.