மேல்கை எலும்பு முறிந்தால்: கேள்விகளும் ஆர்த்தோ டாக்டரின் பதில்களும்

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருப்பது ஒரே எலும்புதான், பெயர் ஹியூமரஸ். ஆனால் அது தோள் பக்கம் உடைவது, நடுத்தண்டில் உடைவது, முழங்கைக்குச் சற்று மேலே உடைவது மூன்றும் மூன்று வேறு வியாதி மாதிரி. கேட்டவர்களில் பாதிப் பேர் எந்த இடம் என்று சொல்லவில்லை. சொன்னவர்களுக்கு முதலில் பதில்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து தோளை ஒட்டி எலும்பு உடைந்துவிட்டது. கொஞ்சம் விலகியும் இருக்கிறதாம். ஆனாலும் ஆபரேஷன் வேண்டாம், கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் துணிப்பட்டை, அதாவது ஸ்லிங் போதும் என்கிறார் டாக்டர். நாலாம் நாளில் முழங்கை வரை கருநீலமாகிவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: நிறம் மாறியதற்குப் பயப்பட வேண்டாம். உடைந்த இடத்தில் கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். சிலருக்கு விலாப்பக்கமும் வரும். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும்.

ஸ்லிங் போதும் என்பது பணம் மிச்சம் பிடிக்கும் வைத்தியம் இல்லை. விலகிய தோள்பக்க முறிவுகள் உள்ள 250 பேரை பிரிட்டனில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், இன்னொன்றுக்கு ஸ்லிங் என்று பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. இரண்டு வருடம் கழித்து இரு பிரிவினரின் கையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தது. மூட்டே நழுவியிருந்தாலோ, எலும்பின் உருண்டைத் தலை பிளந்திருந்தாலோ அது வேறு கணக்கு.

அம்மாவை முதல் சில வாரம் மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கட்டும், வலி பாதியாகும். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். வலி சற்று அடங்கி டாக்டர் சரி என்றதும், முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டும் பயிற்சி. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் எலும்பு கூடிவிடும், தோள் இறுகிவிடும். அப்புறம் தலை வாரக் கை எட்டாது.

ஒன்று கவனியுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்திருக்கிறது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் பாருங்கள். இல்லையென்றால் அடுத்து இடுப்பெலும்பு.

கேள்வி: கல்யாண வீட்டில் நண்பர்களோடு மேசையில் முழங்கையை ஊன்றிக் கை சாய்க்கும் போட்டி. படார் என்று சத்தம், மேல்கை எலும்பு உடைந்துவிட்டது. இப்போது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, கை தொங்குகிறது. வயது 26.

பதில்: இந்த விளையாட்டில் எலும்பு உடைவது அபூர்வமில்லை. தோள் ஒரு பக்கம் முறுக்க, முன்கை மறுபக்கம் இழுக்க, நடுத்தண்டின் கீழ்ப்பாதி திருகிக்கொண்டு பிளக்கும். மணிக்கட்டையும் விரல்களையும் தூக்க வைக்கும் ரேடியல் நரம்பு அந்த எலும்பின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு அங்கேதான் வெளிப்பக்கம் வருகிறது, அதனால் அடி வாங்கியிருக்கிறது.

தோல் கிழியாத முறிவில் இந்த நரம்பு பெரும்பாலும் அறுந்திருக்காது, நசுங்கியோ இழுபட்டோ இருக்கும். பத்தில் ஏழெட்டுப் பேருக்காவது தானாகவே திரும்பிவிடும். மாதக்கணக்கில் ஆகும் என்பதுதான் தொல்லை. அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போடுங்கள். மற்றக் கையால் விரல்களைத் தினமும் பலமுறை நீட்டி மடக்குங்கள். நரம்பு திரும்பும்போது மூட்டுகள் இறுகிப்போயிருந்தால் பலனில்லை. முதலில் மணிக்கட்டு லேசாக மேலெழும், விரல்களும் கட்டைவிரலும் கடைசியில்தான் வரும். மூன்று மாதத்தில் துளி அசைவும் இல்லையென்றால் நரம்புப் பரிசோதனை செய்துகொண்டு, நரம்பைத் திறந்து பார்ப்பதைப் பற்றிப் பேசலாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நடுத்தண்டு முறிவு. பிளாஸ்டிக் பிரேஸ் போட்டு நாலு வாரம். எக்ஸ்ரேயில் கோணலாகத் தெரிகிறது. ஆபரேஷன் செய்து உலோகப் பிளேட் வைத்துவிடலாமா?

பதில்: எவ்வளவு கோணல் என்பதுதான் கேள்வி. முன்பின்னாக 20 டிகிரி, பக்கவாட்டில் 30 டிகிரி, நீளத்தில் 3 செ.மீ. குறைவு வரை இந்த எலும்பு பொறுத்துக்கொள்ளும். தோள் எல்லாப் பக்கமும் சுழலுவதால் சட்டை போட்டால் தெரியாது, வேலையும் கெடாது.

உட்காரும்போது முழங்கையை நாற்காலிக் கைப்பிடியிலோ தலையணையிலோ ஊன்றுகிறீர்களா? நிறுத்துங்கள். கையின் எடை கீழே இழுத்தால்தான் எலும்பு நேராகும். ஊன்றினால் உடைந்த இடம் வெளிப்பக்கம் வளையும். பிரேஸ் தளர்ந்தால் தினமும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரேஸ் எல்லோருக்கும் கைகொடுப்பதில்லை. பின்லாந்தில் 2020-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் பத்தில் மூன்று பேர் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. ஆறாம் வாரத்திலும் உடைந்த இடம் தனியாக அசைந்தால் பிளேட்டைப் பற்றி யோசியுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றே விடுங்கள், எலும்பு கூடுவதை அது நிஜமாகவே தாமதப்படுத்தும்.

கேள்வி: ஆறு வயதுப் பையன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே உடைந்திருக்கிறது. எலும்பு விலகியிருக்கிறதாம். பாட்டி புத்தூர் கட்டுதான் நல்லது என்கிறார்.

பதில்: இதில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன், வேண்டாம். விலகாத எளிய முறிவு எந்தக் கட்டிலும் கூடும், கட்டுப்போடுபவரின் பெயரும் அப்படித்தான் வளர்ந்தது. இந்த முறிவில் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உடைந்த நுனியை ஒட்டிப் போகிறது. வீங்கும் கையை மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்துவிடும், விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும்.

யார் போட்ட கட்டானாலும், மாவுக்கட்டே ஆனாலும், வலி ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிடும்போது பையன் அலறினால், விரல் வெளுத்துச் சில்லிட்டால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கட்டைப் பிரியுங்கள். மயக்கம் கொடுத்து எலும்பைச் சேர்த்து, மெல்லிய கம்பி செருகி, மூன்று நாலு வாரத்தில் உருவிவிடுவார்கள். அப்புறம் எண்ணெய் போட்டு முழங்கையை நீவவோ இழுத்து நீட்டவோ கூடாது. மூட்டைச் சுற்றிய தசையில் எலும்பு முளைத்து மடங்காமலே போகலாம். பையன் தானாக விளையாடட்டும், கை நீளும்.

கேள்வி: வைத்த பிளேட்டை எப்போது எடுக்க வேண்டும்?

பதில்: தொந்தரவு இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம். பல சமயம் அந்த ரேடியல் நரம்பு பிளேட்டின் மேலேயே படிந்திருக்கும். சும்மா இருப்பதைத் திறந்து அதைக் கிளறுவானேன்.

கேள்வி: பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் சாப்பிட்டால் சீக்கிரம் கூடுமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள், சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம். முட்டை, பருப்பு, பால், மீன் அதைவிட முக்கியம். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: வலது கை. பைக் எப்போது ஓட்டலாம்?

பதில்: எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்து டாக்டரும் சரி என்ற பிறகு. பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும். அதன் பிறகும் முதல் நாளே ரோட்டுக்குப் போகாதீர்கள். ஸ்டாண்ட் போட்ட வண்டியில் உட்கார்ந்து முன் பிரேக்கைச் சட்டென்று முழு பலத்தோடு பிடித்துப் பாருங்கள். வலித்தாலோ கை தயங்கினாலோ இன்னும் இரண்டு வாரம் பஸ்தான்.